சித்தன்னவாசல் வண்ணங்களும் ஒளி உட்கவர்வு அளவையும்

1. முன்னுரை

பண்டைக் கலைச்செல்வங்களை ஆராயும் தமிழறிஞர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் நெடுங்காலமாகத் துணைநின்று வருகின்றன. கல்வெட்டொன்று கிடைத்த அளவிலே அதனை மைப்படி எடுத்துப் பேணும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. கல் பின்னர்ச் சிதைந்தாலும் படி எஞ்சி நிற்கும். படித்தவர் ஓரிடத்தில் பிழைபட்டாலும் பின்வருவோர் அப்படியைக் கண்டு திருத்திக்கொள்வர். ஆயின், ஓவியத்தின் நிலை வேறு. ஓவியத்தின் கோடுகளைப் படியெடுத்தல் எளிது. அதன் நிறத்தைப் படியெடுத்தல் எங்ஙனம்? 'செந்நிறம்', 'இளம்பச்சை', 'மங்கிய நீலம்' என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதிவைத்த சொற்கள், ஐம்பது ஆண்டுகள் கழித்துப் படிப்போர்க்கு எந்நிறத்தைக் காட்டும்? அவர் கண்ட செம்மை குருதியின் செம்மையோ செங்கல்லின் செம்மையோ என்பதனைச் சொல் மட்டும் உணர்த்துதல் அரிது. ஓவியர் வரைந்த வண்ணப்படிகள் வரைந்தவரின் கண்ணையும் கையையும் சார்ந்தவை. நிழற்படத்தின் சாயங்களோ தாமே காலப்போக்கில் மாறுபவை.

இவ்வினாவிற்கு இயற்பியலும் வேதியியலும் கூடி ஒரு விடை தருகின்றன. ஒரு பொருள் எந்தெந்த அலைநீளமுடைய ஒளியை எவ்வெவ்வளவு உட்கவர்கின்றது என்பதனைக் கருவியால் அளந்து எண்ணாக எழுதும் முறையே அவ்விடையாகும். இதனைப் புற ஊதா - கட்புல நிறமாலை அளவை என வழங்குவர். இம்முறையின் அடிப்படையையும் செய்முறையையும், புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறத்தை அளந்து எழுதிவைத்தல் ஓவியத்திற்கு மைப்படி எடுத்தலை ஒக்கும் என்பதும், அவ்வெண்களைப் படிக்கும் பயிற்சி தமிழாராய்ச்சியாளர்க்கும் வேண்டற்பாலது என்பதும் ஈண்டு யாம் நிறுவ விழையும் கருத்துகளாம்.

2. சித்தன்னவாசலும் காலவினாவும்

சித்தன்னவாசல் புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குன்றின் மீதுள்ள ஏழடிப்பட்டம் என்னும் இடத்தில் சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகளும் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் காணப்படுகின்றன. அக்குன்றிலேயே குடையப்பட்ட அறிவர் கோயிலின் விதானத்திலும் தூண்களிலும் ஓவியங்கள் எஞ்சியுள்ளன. தாமரைப் பொய்கை, அதனுள் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும், மலர் கொய்யும் மாந்தர், தூண்களில் ஆடல் மகளிர் ஆகிய இவற்றைக் கண்டோர் பலர். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேல், கோபிநாதராவ் ஆகியோரின் முயற்சியால் 1920ஆம் ஆண்டளவில் இவ்வோவியங்கள் அறிஞருலகின் கவனத்திற்கு வந்தன. அந்நாளில் தனியரசாயிருந்த புதுக்கோட்டை 1948 மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று.

இவ்வோவியங்கள் எக்காலத்தவை என்பது பற்றி இருவேறு கருத்துகள் எழுந்தன. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரியவை என்று முதற்கண் கருதினர். பின்னர், மதுரை ஆசிரியன் எனப்பெற்ற இளங்கௌதமன், அவனிபசேகரன் என்னும் பட்டம் பூண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் (கி.பி. 815-862) இக்கோயிலைப் புதுக்கி முகமண்டபமும் எடுப்பித்தான் என்னும் கல்வெட்டுச் செய்தி வலியுறுத்தப்பட்டது. இரு காலத்து ஓவிய அடுக்குகள் இங்கு உள என்று கருதும் அறிஞரும் உளர்.

கல்வெட்டு புதுக்கியவன் பெயரையும் காலத்தையும் கூறுகின்றது. ஆயின், எந்தச் சுவரின் எந்த வண்ணம் அவன் காலத்தது என்பதனை அது கூறவில்லை. அவ்விடைவெளியில் சான்று பகரத்தக்கது சுவரின் மீதுள்ள வண்ணமே. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் பரமசிவன் 1930களில் தென்னாட்டுச் சுவரோவியங்களை வேதியியல் நெறியால் ஆராய்ந்து இத்துறைக்கு வழிவகுத்தார். சித்தன்னவாசல் ஓவியங்களில் வெண்மைக்குச் சுண்ணாம்பும், கருமைக்குக் கரியும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிக்கற்களும், பச்சைக்குப் பச்சை மண்ணும், நீலத்துக்கு வைடூரிய வகையைச் சார்ந்ததன்றி இலாசுவர்த்தம் எனப்படும் நீலக்கல்லும் பயன்பட்டன என நூல்கள் கூறும். இவற்றை ஒளியால் எங்ஙனம் சோதிப்பது என்பதனை இனிக் காண்போம்.

3. நிறம் தோன்றும் முறை

ஞாயிற்றின் வெண்ணொளி பல நிறக்கதிர்களின் தொகுதி என்பதனை 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் நியூட்டன் பட்டகத்தின் துணைகொண்டு காட்டினார். அக்கதிர்கள் அலைநீளத்தால் தம்முள் வேறுபடுவன. அலைநீளத்தை நானோமீட்டர் என்னும் அலகால் குறிப்பர். அது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மாந்தர் கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலானது. 400ஐ அடுத்து ஊதாவும், 470ஐ ஒட்டி நீலமும், 530ஐ ஒட்டிப் பச்சையும், 580ஐ ஒட்டி மஞ்சளும், 620க்கு மேல் சிவப்பும் தோன்றும். 400க்குக் கீழுள்ளது கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் 200 வரையிலான பகுதியை அளப்பர்.

ஒரு பொருளின்மீது வெண்ணொளி படும்போது, அப்பொருளின் அணுக்களிலும் மூலக்கூறுகளிலும் உள்ள எலக்ட்ரான்கள் தமக்கு ஏற்ற ஆற்றலுடைய கதிர்களை மட்டும் உட்கவர்ந்து மேனிலைக்கு ஏறுகின்றன. எஞ்சிய கதிர்களே நம் கண்ணை வந்தடைகின்றன. எனவே, பொருளின் நிறம் என்று நாம் காண்பது அது கொண்டதையன்று, அது விடுத்ததையே ஆகும். செங்காவி நீலத்தையும் பச்சையையும் உட்கவர்ந்து சிவப்பை விடுக்கின்றது. ஆதலின் சிவந்து தோன்றுகின்றது. கரி எல்லாவற்றையும் உட்கவர்தலின் கருத்துத் தோன்றுகின்றது. சுண்ணாம்பு ஏறத்தாழ எல்லாவற்றையும் திருப்பிவிடுதலின் வெளுத்துத் தோன்றுகின்றது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. வெவ்வேறு கதிர்ச்சேர்க்கைகள் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றுதல் உண்டு. கண் மூவகை உணர்கலங்களால் நிறத்தை உணர்கின்றது. அம்மூன்றும் ஒரே அளவில் தூண்டப்படின், வந்த கதிர்கள் வேறாயினும் தோற்றம் ஒன்றேயாகும். ஆகவே, இரு நீலங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுதலால் அவை ஒரே பொருளால் ஆனவை எனல் பொருந்தாது. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவனவற்றை அலைநீளந்தோறும் பிரித்துக் காட்டுவதே கருவியின் பயன்.

4. கருவியின் அமைப்பு

இவ்வளவைக்குரிய கருவியை நிறமாலை ஒளிமானி என்பர். அதன் உறுப்புகள் ஐந்து. முதலாவது ஒளிமூலம்: புற ஊதாப் பகுதிக்கு டியூட்டிரியம் விளக்கும், கட்புலப் பகுதிக்கு டங்ஸ்டன் இழை விளக்கும் பயன்படும். இரண்டாவது, ஒளியைப் பிரித்து ஒரே அலைநீளமுடைய கதிரை மட்டும் வெளிவிடும் உறுப்பு. முன்னாளில் பட்டகமும், இந்நாளில் நுண்கோடுகள் நெருங்கப் பொறித்த கீற்றணியும் இதற்கு உரியவை. மூன்றாவது, ஆராயும் கரைசலை ஏந்தும் சதுரக் கலம். பெரும்பாலும் 1 சென்டிமீட்டர் அகலமுடையது. நான்காவது, வெளிவரும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் உணர்வி. ஐந்தாவது, அம்மின்னோட்டத்தை எண்ணாகவும் கோடாகவும் எழுதும் பகுதி.

கலத்தைத் தேர்தலில் விழிப்பு வேண்டும். கட்புலப் பகுதிக்குக் கண்ணாடிக் கலம் போதும். ஆயின், கண்ணாடி தானே புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உட்கவர்தலின், அப்பகுதிக்குக் குவார்ட்சுக் கலமே தக்கது. கலத்தின் ஒளிபுகும் முகத்தில் விரல் படுதல் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையும் ஒளியை உட்கவரும்.

ஒளியின் நிறங்களை ஒப்பிடும் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. ஆயினும், புற ஊதாப் பகுதியையும் கட்புலப் பகுதியையும் எளிதில் அளக்கும் கருவியாகப் பெரும்பரவல் பெற்றது, அமெரிக்க நாட்டில் ஆர்னால்டு பெக்மன் நிறுவிய தொழிலகம் 1941இல் வெளியிட்ட ஒளிமானியாகும். இன்று இக்கருவி கல்லூரி வேதியியற் கூடங்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆதலின், தமிழ்த்துறை மாணவர் ஒருவர் இதனைக் காண வேண்டுமாயின், தம் கல்லூரியின் வேதியியல் துறைக்குச் சென்று கேட்டலே பெரும்பாலும் போதும்.

5. அளவையின் விதி

ஒளி ஒரு கரைசலினூடே செல்லும்போது எவ்வளவு குறையும்? பதினெட்டாம் நூற்றாண்டில் புகேர் 1729இலும், இலாம்பர்ட்டு 1760இலும் இதன் முதற்பகுதியை வகுத்தனர்: ஒளி கடக்கும் தடிப்பு சமமான படிகளில் கூடக்கூட, ஒவ்வொரு படியிலும் ஒளி ஒரே விகிதத்தில் குறையும். 1852இல் பீர் என்பார் கரைசலின் செறிவுக்கும் இத்தகைய உறவு உண்டு எனக் காட்டினார். இவ்விரண்டையும் இணைத்துப் பீர் - இலாம்பர்ட்டு விதி என்பர்.

இதனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். நூறு பங்கு ஒளி சாயநீர்க் கலம் ஒன்றினுள் புகுந்து பத்துப் பங்கு வெளிவருகின்றது எனக் கொள்வோம். அதன்பின் அத்தகைய கலம் மற்றொன்றை வைத்தால், வெளிவருவது சுழியன்று. அப்பத்தில் பத்தில் ஒரு பங்காகிய ஒன்று வெளிவரும். பத்து, ஒன்று எனப் பெருக்கல் முறையில் குறைந்துவரும் இத்தொடரைக் கூட்டல் முறைக்கு மாற்றுதற்கு மடக்கைக் கணக்கு உதவுகின்றது. புகுந்த ஒளியை வெளிவந்த ஒளியால் வகுத்து, ஈவுக்குப் பத்தின் அடிமானத்தில் மடக்கை காண, வருவது உட்கவர்வு எண். பத்துப் பங்கு வெளிவரின் அவ்வெண் 1. ஒரு பங்கு வெளிவரின் 2. ஐம்பது பங்கு வெளிவரின் ஏறத்தாழ 0.30. இவ்வெண் செறிவோடும் தடிப்போடும் நேர்விகிதத்தில் கூடும் என்பதே விதியின் சாரம். செறிவு இருமடங்காயின் எண்ணும் இருமடங்காகும்.

இவ்விதி எல்லையற்றதன்று. கரைசல் மிகச் செறிந்திருப்பினும், கலங்கியிருப்பினும், கருவிக்குள் வேற்றொளி கசியினும் நேர்விகிதம் பிறழும். ஆதலின், உட்கவர்வு எண் ஏறத்தாழ 0.1க்கும் 1க்கும் இடையே அமையுமாறு கரைசலை நீர்த்துக்கொள்ளுதல் ஆய்வாளர் வழக்கம்.

அளக்குமுன் வெற்றுக்கரைசலை வைத்துச் சுழி நிறுத்தல் வேண்டும். ஆராயும் பொருள் ஒன்று நீங்கலாக, ஏனைய மருந்துகள் யாவும் சேர்ந்த கரைசலே வெற்றுக்கரைசல். தராசில் பொருளை நிறுக்குமுன் வெறுந்தட்டைச் சமன்செய்தல் போன்றது இது.

6. காவியில் இரும்பை அளத்தல்

சுவரிலிருந்து தானே உதிர்ந்த செந்நிறச் சுதைத்துகள் ஒன்று உரியவர் இசைவோடு ஆய்வுக்கு வந்தது எனக் கருதுவோம். அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னத்தில் இசைவின்றி ஒரு துகளையும் எடுத்தல் ஆகாது என்பதனை ஈண்டு வற்புறுத்துகின்றோம்.

அத்துகள் 5 மில்லிகிராம் எடையுள்ளதாயின், அதனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு மெல்லச் சூடாக்குவர். சுண்ணாம்புப் பகுதி நுரைத்துக் கரையும்; காவியின் இரும்பு ஆக்சைடு மெதுவாகக் கரையும். கரைந்த இரும்பை ஹைட்ராக்சிலமைனால் ஒடுக்கி, இருமின்னூட்ட இரும்பாக மாற்றி, அமிலத்தன்மையைத் தணித்து, பினாந்திரோலின் என்னும் கரிமச் சேர்மத்தைச் சேர்ப்பர். உடனே கரைசல் செம்மஞ்சள் நிறம் பெறும். நீர் சேர்த்து 100 மில்லிலிட்டராக்கி, 510 நானோமீட்டரில் அளப்பர். அந்நிறச் சேர்மம் ஒளியை மிகுதியாக உட்கவரும் இடம் அதுவே.

முன்னதாக, இரும்பின் அளவு தெரிந்த கரைசல்கள் சிலவற்றை இவ்வாறே அளந்து வரைபடம் இட்டுக்கொள்ளல் வேண்டும். லிட்டருக்கு 1, 2, 3, 4 மில்லிகிராம் இரும்புள்ள கரைசல்கள், 1 சென்டிமீட்டர்க் கலத்தில் முறையே ஏறத்தாழ 0.20, 0.40, 0.60, 0.80 என்னும் உட்கவர்வு எண்களைத் தரும். இப்புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைதலே பீர் - இலாம்பர்ட்டு விதி ஈண்டுப் பொருந்துகின்றது என்பதற்குச் சான்று. நாம் கருதிய துகளின் கரைசல் 0.40 காட்டின், அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு உள்ளது. 100 மில்லிலிட்டரில் 0.2 மில்லிகிராம். 5 மில்லிகிராமில் 0.2 மில்லிகிராம் என்பது நூற்றுக்கு நான்கு. இங்ஙனம் கடுகினும் நுண்ணிய துகளிலிருந்து அதன் இரும்பின் பங்கு எண்ணாகக் கிடைக்கின்றது.

புற ஊதாப் பகுதிக்கும் இத்துறையில் ஒரு வேலை உண்டு. ஈரச் சுதையின்மீது வண்ணம் தீட்டினால், சுண்ணாம்பே வண்ணத்தைப் பற்றிக்கொள்ளும்; உலர்ந்த சுதையின்மீது தீட்டினால், பற்றுதற்கு வேறொரு பசை வேண்டப்படும். அப்பசை முட்டை, விலங்குப் பசை முதலிய புரதமாயின், அதன் கரைசல் 280 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உட்கவரும். மரப்பிசின் அங்ஙனம் தெளிவாகக் காட்டாது. ஆயினும், 280இல் உட்கவரும் வேறு கரிமப் பொருள்களும் உண்டு. ஆதலின் இதனைக் குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

7. சுவரைத் தொடாது அளத்தல்

துகளைக் கரைத்து அளத்தலில் ஒரு குறை உண்டு: அளந்தபின் துகள் இல்லை. ஓவியத்தின் ஒவ்வோரிடத்திலும் இதனைச் செய்தல் ஓவியத்தையே அழிப்பதாகும். எனவே, சுவரிலிருந்து திரும்பிவரும் ஒளியை அளக்கும் மற்றொரு முறை கைக்கொள்ளப்படுகின்றது. மெல்லிய ஒளியிழையின் வழியே வெண்ணொளியைச் சுவரின் சில மில்லிமீட்டர் அளவுள்ள இடத்தில் பாய்ச்சி, அங்கிருந்து சிதறிவரும் ஒளியை மற்றோர் இழையால் வாங்கி, அலைநீளந்தோறும் அளப்பர். வெண்தரப் பலகை ஒன்றினை முதலில் அளந்து, அதனை நூறு எனக் கொண்டு சுவரின் எண்களைக் கணிப்பர். திரும்பிவரும் ஒளியிலிருந்து உட்கவர்வைக் கணக்கிடும் வாய்பாட்டை 1931இல் குபெல்கா, முங்கு என்னும் இருவர் வகுத்தனர்.

காவிக்கற்கள் இம்முறையில் நன்கு புலப்படுவன. செங்காவியின் நிறத்திற்குக் காரணம் ஹேமடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு. மஞ்சட்காவியின் நிறத்திற்குக் காரணம் கோதைட்டு என்னும் நீர்சேர்ந்த இரும்பு ஆக்சைடு. செங்காவியின் வரைகோடு 550 நானோமீட்டர் வரை தாழ்ந்து கிடந்து, 580ஐ ஒட்டிச் செங்குத்தாக எழும். 860ஐ ஒட்டிச் சிறிது குழியும். மஞ்சட்காவியின் கோடு அதற்கு முன்னரே எழத்தொடங்கும். 480ஐ ஒட்டி ஒரு தோளும், 660ஐ ஒட்டி ஒரு குழிவும், 900க்கு அப்பால் மற்றொரு குழிவும் காட்டும். கண் 'சிவப்பு' என்றும் 'மஞ்சள்' என்றும் இருவகையாகப் பகுத்ததனைக் கருவி பல இடங்களில் வேறுபடுத்திக் காட்டுகின்றது. இரண்டும் கலந்த செம்மஞ்சளில் இரண்டின் அடையாளங்களும் சேர்ந்து தோன்றும்.

8. நீலம் எழுப்பும் வினா

சித்தன்னவாசல் வண்ணங்களுள் வரலாற்றாசிரியர்க்கு மிகுந்த பொருள் தருவது நீலம். காவியும் சுண்ணாம்பும் கரியும் நம் நாட்டில் எங்கும் கிடைப்பன. நீலக்கல்லோ தொன்றுதொட்டு ஆப்கானித்தானத்துப் பதக்சான் மலைப்பகுதியினின்று வந்தது. ஆதலின், பொய்கையின் ஒரு புள்ளி நீலம் அக்கல்லால் ஆயதென உறுதிப்படின், புதுக்கோட்டைக் குன்றுக்கும் அத்தொலைநாட்டுக்கும் இடையே வணிகத்தொடர் இருந்தது என்பதற்கு அது சான்றாகும். அந்நீலம் அவுரிச் செடியின் சாயமாயின், அச்சான்று இல்லை. அது நம் மண்ணில் விளைவது.

கண்ணால் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது, நிறமாலையோ பிரிக்கவல்லது. நீலக்கல்லின் நிறத்திற்குக் காரணம், அதன் படிகக் கூட்டினுள் அடைபட்டுள்ள மூன்று கந்தக அணுக்களாலான அயனி. அது 600 நானோமீட்டரை ஒட்டி ஒளியை மிகுதியாக உட்கவரும். அவுரி நீலம் சுவரிலோ துணியிலோ இருக்கும்போது 660ஐ ஒட்டி மிகுதியாக உட்கவர்ந்து, 700ஐக் கடந்தபின் விரைந்து எழும். குழிவு எவ்விடத்தில் விழுகின்றது என்று பார்த்தலே இங்குத் தேர்வு.

ஆயினும் விழிப்போடு முடிவு காணல் வேண்டும். நீலக்கல்லின் வண்ணப்பொருளை 1828இல் ஐரோப்பியர் செயற்கையாகச் செய்யும் வழி கண்டனர். துணி வெளுப்போர் பயன்படுத்திய நீலமும் அச்செயற்கைப் பொருளே. செயற்கை நீலமும் 600 நானோமீட்டரிலேயே உட்கவரும். எனவே, 600இல் குழிவு கண்ட மாத்திரத்தில் 'ஒன்பதாம் நூற்றாண்டு நீலக்கல்' என்று எழுதுதல் தவறாகும். அண்மைக்காலத்தில் யாரேனும் தொட்டுத் திருத்தியதாகவும் இருக்கலாம். இங்கு நுண்ணோக்கி துணைபுரியும். கல்லை அரைத்த நீலத்தின் துகள்கள் பருத்தும் சிறுத்தும் ஒழுங்கின்றி இருக்கும். உடன் சுண்ணக்கல் முதலிய பிற கனிமத் துணுக்குகளும் காணப்படும். செயற்கை நீலத்தின் துகள்கள் நுண்ணியனவாய் ஒரே அளவினவாய் அமையும்.

9. முறையின் எல்லைகள்

இம்முறை செய்யமாட்டாதன சிலவற்றையும் கூறுதல் கடன். முதலாவது, நிறமாலை காலத்தைக் காட்டாது. இரு அடுக்கிலும் ஒரே செங்காவி காணப்படின், இரண்டும் ஒரு காலத்தவை என்று முடித்தல் கூடாது. அடுத்தடுத்த நூற்றாண்டினர் ஒரே குன்றின் காவியை எடுத்திருத்தல் இயல்பு. ஓரடுக்கில் ஒரு வண்ணப்பொருளும் மற்றோர் அடுக்கில் வேறொன்றும் தொடர்ந்து காணப்படின், இரு வேறு கைகள் அல்லது இரு வேறு காலங்கள் என்னும் கருத்திற்கு அது வலுவூட்டும். வேற்றுமை சான்றாகும் அளவிற்கு ஒற்றுமை சான்றாகாது.

இரண்டாவது, கரியும் சுண்ணாம்பும் இம்முறையில் ஊமைகள். ஒன்று எல்லாவற்றையும் உட்கவர்தலானும், மற்றொன்று ஏறத்தாழ எதனையும் உட்கவராமையானும், விறகுக்கரியோ விளக்குப்புகையோ என்பது இதனால் தெரியவராது. மூன்றாவது, மஞ்சட்காவியைச் சுட்டால் நீர் நீங்கிச் செங்காவியாகும். ஆதலின், சுவரிலுள்ள செம்மை நிலத்தில் கிடைத்ததோ அடுப்பில் ஆக்கியதோ என்பதனைக் கட்புல நிறமாலை மட்டும் தெளிவாகக் கூறாது. நான்காவது, மேலே படிந்த தூசியும் புகையும் பிற்காலப் பூச்சும் கோட்டை மாற்றும்.

இவ்விடங்களில் எக்சுக்கதிர் முறைகளும் அகச்சிவப்பு முறையும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவினை அடிப்படையாகக் கொண்ட இராமன் நிறமாலையும் துணைநிற்பன. ஒரு கல்வெட்டின் பாடத்தை எழுத்தமைதி, மொழியமைதி, வரலாற்றுச் செய்தி ஆகிய மூன்றாலும் ஒத்துநோக்கித் துணிவது போல, ஒரு வண்ணத்தையும் பல முறைகளால் ஒத்துநோக்கித் துணிதல் வேண்டும்.

10. தரமும் சொல்லும்

சித்தன்னவாசல் அமைந்த அதே மாவட்டத்தில் குடுமியான்மலை உள்ளது. அங்குள்ள இசைக்கல்வெட்டு, இசைச்சுரங்களைக் குறிகளாகக் கல்லில் பொறித்து ஏழு பகுதிகளாக வகுத்துள்ளது. மறைந்துபோகும் இயல்பினதாகிய ஒலியைக் குறியால் நிறுத்திய பெருமுயற்சி அது. ஆயினும், அக்குறிகளின் சுருதி எவ்வளவு என்பதனை இன்று நாம் திட்டமாகக் கூறுதல் இயலாது. ஏனெனில், எந்த ஒலியை அடிப்படையாகக் கொள்வது என்னும் தரம் அக்குறிகளோடு எழுதப்படவில்லை. நிறத்தை எழுதுவோர் இதனினின்று கற்கவேண்டுவது ஒன்றுண்டு. எண்களை மட்டும் எழுதிவைத்தல் போதாது. எந்த வெண்தரத்தை நூறு எனக் கொண்டோம், எந்த விளக்கு, எந்தக் கோணம், சுவரின் எவ்விடம், எந்நாள் என்பனவும் உடன் எழுதப்பெறல் வேண்டும். இவையின்றேல் எண்ணும் சொல்லைப் போலவே தெளிவற்றதாகும்.

இனி, தமிழாராய்ச்சியாளர்க்கு இதனால் ஆவது யாது? நம் மொழியில் நிறப்பெயர்கள் பல பொருளையும் ஒருங்கே சுட்டுவன. 'நீலம்' என்பது நிறத்தையும் மலரையும் மணியையும் குறிக்கும். திருமாலின் மேனியைக் கார் என்றும் நீலம் என்றும் பச்சை என்றும் புலவர் போற்றுவர். அம்மூன்றிற்கும் இடையே இந்நாளில் நாம் இடும் வரையறை அவர்க்கு இல்லை. இது மொழியின் குறையன்று. செய்யுளுக்கு அது வளம். ஆயின், ஆராய்ச்சிக் கட்டுரையில் ஓவியத்தைப் 'பச்சை' என்றும் 'நீலம்' என்றும் எழுதும்போது இவ்வளமே இடராகின்றது. சொல்லோடு எண்ணும் சேர்ந்துவரின் அவ்விடர் நீங்கும்.

11. முடிவுரை

இதுவரை கூறியவற்றால், நிறம் என்பது பொருள் உட்கவர்ந்த ஒளியின் கணக்கு என்பதும், அக்கணக்கை அலைநீளந்தோறும் எழுதிவைக்கக் கருவி உண்டு என்பதும், காவியையும் நீலத்தையும் அதனால் பகுத்தறியலாம் என்பதும், அவ்வறிவு காலத்தைத் தானே காட்டாவிடினும் கல்வெட்டுச் சான்றுக்குத் துணையாகும் என்பதும் போதரும்.

வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்றனர். சித்தன்னவாசலில் கைக்கெட்டும் இடங்களில் இருந்த ஓவியத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றிலும் சில இடங்கள் வண்ணம் மங்கிப் புனையா ஓவியத்தின் நிலையை நெருங்குகின்றன. மங்கிய வண்ணத்தை எக்கருவியும் மீட்டுத்தரமாட்டாது. இன்று உள்ள வண்ணத்தை இன்றே அளந்து வைத்தால், ஐந்தாண்டுகள் கழித்து அதே இடத்தை மீண்டும் அளந்து, எது குறைந்தது, எவ்வளவு குறைந்தது, பாதுகாப்பு முறை பயன் தந்ததா என்று கூறலாம். அளவாவிடின் 'முன்னைவிட மங்கியுள்ளது' என்னும் நினைவு மட்டுமே எஞ்சும்.

ஆதலின், சுவரோவியம் பற்றி ஆய்வு மேற்கொள்ளும் தமிழ்த்துறை மாணவர், வேதியியல் துறையாரோடும் தொல்லியல் துறையாரோடும் கூடி, தாம் விளக்கும் ஒவ்வொரு வண்ணத்திற்கும் உரிய நிறமாலை எண்களை அட்டவணையாக ஆய்வேட்டில் சேர்த்தல் நன்று. குறைந்த அளவாக, 400 முதல் 700 நானோமீட்டர் வரை இருபது இருபதாக எடுத்த பதினாறு எண்களும், அவற்றை அளந்த தரமும் இடமும் நாளும் போதும். கல்வெட்டுத் தொகுதிகளில் மூலபாடம் அச்சிடப்படுதல் போல, ஓவிய ஆய்வுகளில் இவ்வெண்கள் மூலபாடமாக அச்சிடப்படுதல் வேண்டும் என்பது எம் கருத்து.